தேனியிலிருந்து நான்கு கிளைகளுக்கு: சொந்த நுண்ணலையா, பொது பிராட்பேண்டா?

முல்லையாறு எழுதியது:

வணக்கம். தேனியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி, சின்னமனூர் ஆகிய ஊர்களிலும் வருசநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலும் எங்களுக்குக் கிளை மையங்கள் உள்ளன. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதித்து, எக்ஸ்ரே உள்ளிட்ட படங்களை அனுப்ப, தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பேசி மருந்து எழுதுகிறார். இப்போது ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு இருக்கிறது. அது அறுந்தால் அன்றைய வேலை நின்றுபோகிறது. கிளைகளை மையத்தோடு பிணைக்கும் இந்த பேக்ஹால் தடத்தை, அடுத்த நிதியாண்டில் சொந்த நுண்ணலை (மைக்ரோவேவ் ரேடியோ) இணைப்பாக மாற்றலாம் என்று எங்கள் அறங்காவலர்களில் ஒருவர் சொல்கிறார். அதற்காகும் பணத்தில் ஒவ்வொரு கிளைக்கும் இரண்டாவது பிராட்பேண்ட் இணைப்பைப் பல ஆண்டுகளுக்கு வாங்கிவிடலாம் என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. இருவருக்கும் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெளிவில்லை; தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நுண்ணலை எழுதியது:

உங்கள் அறங்காவலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஐயா. பணி ஓய்வு பெறும்வரை நுண்ணலைப் பிரிவிலேயே இருந்தவன் என்பதால் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்பதற்கு உங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களை இப்படித்தான் இணைத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு, கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை அட்டையையும் திசை ஆண்டெனாவையும் கொண்டு கிலோமீட்டர் கணக்கான தொலைவுக்கு இணைப்பு அமைத்தது. அறைக்குள் பயன்படுத்த வடிவமைத்த வைஃபை நெறிமுறை, அனுப்பிய தரவுப் பொட்டலம் சேர்ந்ததற்கான ஒப்புகையை மிகக் குறுகிய நேரமே எதிர்பார்க்கும். தொலைவு கூடினால் ஒப்புகை வருமுன்பே தோல்வி என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே அவர்கள் இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி நேரப் பங்கீட்டு முறைக்கு அதை மாற்றி, வைல்ட்நெட் என்ற பெயரில் 2007இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். இன்று கடையில் வாங்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள் பலவற்றில் இந்த நேரப் பங்கீடு உள்ளமைந்தே வருகிறது.

உரிமம் பற்றிய பயமும் வேண்டாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமத்திலிருந்து விடுவித்துவிட்டது. திறன் வரம்புக்குள்ளும் ஒப்புதல் பெற்ற கருவிகளோடும் இயங்கினால் போதும். தேனிக்கும் போடிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸில் அத்தொலைவைக் கடப்பதில் அலை மெலியும் அளவு, அதாவது வெளியிழப்பு, 131 டெசிபல் வரும். ஆண்டெனாவையும் சேர்த்து அனுப்பும் திறன் 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு), பெறும் பக்கத்தில் 30 டெசிபல் ஆதாயம் உள்ள டிஷ் என்று கொண்டால் மைனஸ் 65 டிபிஎம் கிடைக்கும். காணொளிக்கும் எக்ஸ்ரேவுக்கும் அது தாராளம். மாத வாடகை இல்லை. மாலை ஏழு மணிக்கு ஊரே படம் பார்க்க உட்கார்ந்தாலும் உங்கள் தடம் உங்களுடையதாகவே இருக்கும்.

கண்ணாடியிழை எழுதியது:

பெரியவர் சொன்ன வரலாறு சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியல்ல என்பது என் கருத்து. அந்த வைஃபை இணைப்புகள் அமைந்த காலத்தில் அந்தக் கிராமங்களில் நம்பத்தக்க பிராட்பேண்ட் கிடையாது. வேறு வழி இல்லாததால் எடுத்த வழியை, வேறு வழி இருக்கும் காலத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டுவது பொருந்தாது. அதே குழு அடுத்த ஆண்டே எழுதிய கட்டுரையையும் நாம் படிக்க வேண்டும். அவர்களை அதிகம் அலைக்கழித்தது அலை அல்ல, மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவி பழுதானது, பாதி எழுதிய நினைவக அட்டை கெட்டுப்போனது, ஒவ்வொரு முறையும் விவரம் அறிந்த ஒருவர் பயணப்பட்டு வர வேண்டியிருந்தது என்பவைதான் அதில் பேசப்பட்ட சிக்கல்கள். ஆய்வுக்குழு ஊர் திரும்பிய பிறகு யார் பார்ப்பது என்ற கேள்விக்காகவே எழுதப்பட்ட கட்டுரை அது.

அடுத்து, 14 கிலோமீட்டரில் கிடைக்கும் மைனஸ் 65 என்பது காகிதக் கணக்கு. இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. இடையில் அலை பரவிச் செல்லும், ஃபிரெனல் மண்டலம் என்ற, நடுவில் பருத்த கத்தரிக்காய் வடிவப் பகுதி ஒன்று இருக்கிறது. 14 கிலோமீட்டர் தடத்தின் நடுவில் அதன் ஆரம் 13 மீட்டருக்கு மேல். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அது 8 மீட்டர். பூமியின் வளைவுக்கு மூன்று மீட்டரைக் கூட்டினால் 11 மீட்டர். தேனிக்கும் போடிக்கும் இடையில் நெடுகத் தென்னந்தோப்பு. இருபது மீட்டர் தென்னைக்கு மேல் 11 மீட்டர் வெளி வேண்டுமென்றால், நிலம் ஏறக்குறைய சீராகச் சரிகிறது என்று கொண்டாலும், இரு முனையிலும் முப்பது மீட்டருக்கு மேல் ஆண்டெனா நிற்க வேண்டும். கிளை மையம் ஒரு மாடிக் கட்டடம் என்றால் அங்கே நீங்கள் வாங்கப்போவது ரேடியோவை அல்ல, டவரை. ரேடியோவின் விலை அந்த டவரின் அடித்தளத்துக்குக்கூடக் காணாது. இன்று தென்னை நடுகிறவர் உங்களிடம் அனுமதி கேட்கப்போவதும் இல்லை.

பழைய நுண்ணலை எழுதியது:

தென்னையைப் பற்றிச் சொன்னது உண்மை. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மலைப்பக்கத்து மாவட்டத்தில் சமவெளித் தடத்தை யாரும் நேராகப் போடமாட்டார்கள். தோப்புக்கு மேலே நிற்கும் ஏதேனும் ஒரு கரட்டில் (சிறு குன்றில்) இடைநிலையம் வைத்து இரண்டு தாவலாகப் போட்டால், இரு முனையிலும் சாதாரணக் குழாய்க் கம்பமே போதும், டவர் வேண்டாம். கண்ணாடியிழை வருமுன் இந்த நாட்டின் தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் பெரும்பகுதி இப்படி மலைக்கு மலை தாவித்தான் ஓடியது. கரட்டில் மின்சாரம் இருக்காது என்பீர்கள். இந்தக் கருவிகள் பத்துப் பதினைந்து வாட்டுக்குள் அடங்குபவை. ஒரு சூரியத் தகடும் மின்கலமும் போதும். நிலம் வனத்துறையுடையதா வருவாய்த் துறையுடையதா என்பதுதான் முதலில் விசாரிக்க வேண்டியது. வனத்துறையுடையது என்றால் நானே வேண்டாம் என்பேன்.

பிராட்பேண்டை நோக்கி இரண்டு கேள்விகள். முதலாவது, போடி மையமும் தேனி மருத்துவமனையும் வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் என்றால், ஒரு நிறுவனத்திலிருந்து மற்றதற்குப் பொட்டலம் கைமாறும் இடம் பெரும்பாலும் சென்னை. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவரிடம் பேச ஐந்நூறு கிலோமீட்டர் போய் ஐந்நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். இடையில் எங்கே எது அறுந்தாலும் உங்கள் புறநோயாளிப் பிரிவு நிற்கும். இரண்டாவது, வீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் எதுவும் இல்லை. வீடுகளுக்கு இழை பிராட்பேண்ட் தரும் ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் 2.5 கிகாபிட் இறக்க வேகத்தையும் அதில் பாதியான ஏற்ற வேகத்தையும் 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. எக்ஸ்ரே போவது ஏற்றும் திசையில் என்பதை மறக்கக்கூடாது.

கண்ணாடியிழை எழுதியது:

சென்னை வரை போய் வருவதைக் கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் பயம் போய்விடும். இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவினாடி ஆகிறது. கேள்வியும் பதிலுமாக இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றாலும் 10 மில்லிவினாடி. வழியில் உள்ள ரூட்டர்களையும் சுற்றுப்பாதைகளையும் சேர்த்து முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு ஒரு திசையில் 150 மில்லிவினாடி வரை போகலாம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பங்குச் சந்தை வியாபாரிகள் சிகாகோவுக்கும் நியூஜெர்சிக்கும் இடையில் தனி நுண்ணலைத் தடம் போட்டுக்கொண்டது, காற்றில் அலை இழையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும் என்பதற்காக. அவர்களுக்கு மில்லிவினாடியின் ஒரு துளி பணம். காய்ச்சலுக்கு மருந்து எழுதும் மருத்துவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏற்ற வேகமும் அப்படியே: ஒரு மார்பு எக்ஸ்ரே பத்து மெகாபைட் அளவுக்கு வரலாம், மிக மோசமான மாலையில் 5 மெகாபிட் கிடைத்தாலும் பதினாறு வினாடியில் போய்விடும்.

உத்தரவாதம் பற்றி. ஓர் இணைப்பு ஆண்டில் 99 சதவீத நேரம் இயங்குகிறது என்றால் மூன்றரை நாளுக்கு மேல் நின்றிருக்கிறது என்று பொருள், மோசம்தான். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு இணைப்புகளை வாங்கி, ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருக்கும் காலம் ஆண்டுக்கு 53 நிமிடம். தனியாக நிற்கும் எந்த நுண்ணலை இணைப்பும், அதிலும் உரிமமற்ற அலைக்கற்றையில், இந்த அளவைத் தருமென்று பெரியவரே சொல்லமாட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு கேபிள்காரர் அதே 5.8இல் புதிதாக டிஷ் வைத்தால் நீங்கள் யாரிடம் முறையிடுவீர்கள்? உரிமம் இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இல்லை.

முல்லையாறு அவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. தேனியில் மட்டும் நிலையான பொது இணைய முகவரி (ஐபி) வாங்குங்கள்; கிளைகள் அங்கே வயர்கார்ட் சுரங்கம், அதாவது பொது இணையத்துக்குள் மறையாக்கம் செய்த தனித்தடம், அமைத்துக்கொள்ளட்டும். கிளைகளுக்குப் பொது முகவரி இல்லாவிட்டாலும், 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்க்குறி (இணைப்பைத் திறந்தே வைக்கும் சிறு பொட்டலம்) அனுப்பச் செய்தால் சுரங்கம் திறந்தே இருக்கும். பொட்டல அளவை மட்டும் கவனியுங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பில் பொட்டலத்தின் மேல்வரம்பு 1500 பைட் அல்ல, 1492. வயர்கார்டின் மேலுறை அதிகபட்சம் 80 பைட் என்பதால் சுரங்கத்துக்கு 1412 வைத்தால் எந்தச் சூழலிலும் பாதகமில்லை. இயல்பாக வரும் 1420ஐ அப்படியே விட்டுவிட்டு, பிங் போகிறது, பேச்சு கேட்கிறது, எக்ஸ்ரே மட்டும் பாதியில் நிற்கிறது என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

நான் வேறு மாவட்டத்தில் இதே போன்ற ஒரு கிளை மையத்தில் பணிபுரிகிறேன். எங்கள் மொட்டைமாடியில் ஒரு டிஷ் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடி இறங்கியபோது, டிஷ்ஷிலிருந்து கீழே வந்த கம்பி வழியாக மின்னல் நுழைந்து, ரேடியோவையும் சுவிட்சையும் அதில் செருகியிருந்த அச்சுப்பொறியையும் சேர்த்துக் கொண்டுபோனது. மண்ணிணைப்பு என்று சுவரில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது; அது மண்ணில் இறங்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு மொட்டைமாடிக்கு ஏற யாரும் வரவில்லை. பெட்டியின் மின்சாரத்தை அணைத்துப் போடுவது மட்டுமே என்னால் முடியும் வேலை. எந்த வழியை எடுத்தாலும், அந்த வேலையோடு முடியும்படி செய்யுங்கள்.

பழைய நுண்ணலை எழுதியது:

மண்ணிணைப்பு இல்லாமல் டிஷ் வைத்தவரை ரேடியோப் பொறியாளர் என்று நான் ஏற்கமாட்டேன், அம்மா. ஆனால் உங்களுக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். உலோகம் உள்ளே வராமல் இழையே பெட்டி வரை வரும் இடத்தில் மின்னலுக்கு அந்த வழி இல்லை என்பதை நண்பர் கண்ணாடியிழையின் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் அவருடைய 53 நிமிடக் கணக்கில் ஒரு சொல்லை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். இரண்டு இணைப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கெட்டுப்போனால்தான் ஒரு சதவீதத்தை ஒரு சதவீதத்தால் பெருக்க முடியும். இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தால் பெருக்கல் கிடையாது. ஒரு சதவீதம் ஒரு சதவீதமாகவே நிற்கும். நம் ஊர்களில் இழை மண்ணுக்கடியில் போவதைவிட மின்கம்பத்தில் தொங்கிப் போவதே அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்தக் கம்பங்களில் நான்கு நிறுவனங்களின் கம்பி தொங்கியிருந்தால், நான்கும் ஒரே நொடியில் அறுந்திருக்கும். புயல்கூட வேண்டாம், சாலை அகலப்படுத்தும் ஒரு பொக்லைன் போதும்.

முல்லையாறு அவர்களே, எங்கள் இருவரையும் நம்பாதீர்கள். ஒரு காலைப் பொழுதில் போடி மையத்தின் வாசலிலிருந்து கிளம்பி, உங்கள் கம்பி போகும் வழியே கம்பம் கம்பமாக நடந்து போய்ப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் இரண்டாவது நிறுவனத்தின் கம்பி எங்கே பிரிகிறது என்று பார்த்து வந்து எழுதுங்கள்.

முல்லையாறு எழுதியது:

நேற்றுப் போய்வந்தேன். இரண்டாவது இணைப்புக்காக நாங்கள் பேசிக்கொண்டிருந்த நிறுவனத்தின் உள்ளூர் ஆளையும் அழைத்துக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து முதன்மைச் சாலை வரை இரண்டு நிறுவனங்களின் கம்பியும் ஒரே கம்பங்களில், ஓர் இடத்தில் ஒரே கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டு, போகின்றன. சாலையைத் தாண்டியதும் இரண்டும் ஒரே கேபிள் அலுவலகத்துக்குள் நுழைகின்றன. இரு நிறுவனங்களுக்கும் அவரே உள்ளூர் பங்காளி. உள்ளே இரண்டு பெட்டிகள் ஒரே அலமாரியில், ஒரே மின்கலத்தில். மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். பழைய மின்கலம், ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்றார். எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் அவரிடம் இல்லை.

ஆண்டிபட்டியில் நிலைமை பரவாயில்லை. அங்கே இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு திசையிலிருந்து வருகின்றன. சின்னமனூருக்கு இன்னும் போகவில்லை. வருசநாட்டுப் பக்கத்தில் ஒரே நிறுவனம்தான். மையத்தைச் சுற்றி மலை என்பதால் தேனியிலிருந்து பார்வைக்கோடும் கிடையாது.

கண்ணாடியிழை எழுதியது:

போடியைப் பொறுத்தவரை என் கணக்கு தவறு, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு கட்டணம் கட்டி ஓர் இணைப்பை வாங்குவதாக இருந்திருக்கும்.

ஆனால் அதனால் டவருக்கோ கரட்டுக்கோ போக வேண்டியதில்லை. ஒரு பிராட்பேண்ட், அதற்குத் துணையாக 4ஜி சிம் போட்ட ரூட்டர் என்று வையுங்கள். காணொளியின் தரம் கொஞ்சம் குறையும், வேலை நிற்காது. வருசநாட்டுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை, நுண்ணலைக்கு அங்கே பார்வைக்கோடு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான்கு கிளைக்கும் ஒரே ஏற்பாடு என்றால், பழுது வரும்போது உங்கள் பணியாளருக்குச் சொல்ல வேண்டிய வழிமுறையும் ஒன்றே. மூன்றாம் ஷிப்ட் சொன்னதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிளையில் ரேடியோ, மற்றதில் இரட்டை இழை, இன்னொன்றில் சிம் என்று வைத்தால், நீங்கள் விடுப்பில் போகும் வாரத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது.

பழைய நுண்ணலை எழுதியது:

சிம் நல்ல யோசனைதான். ஒரே ஒரு சோதனை: அந்த 4ஜி டவருக்குத் தடம் எப்படிப் போகிறது? அதே கம்பத்து இழையில் போகிறது என்றால், போடியில் பார்த்த கதையே மறுபடியும். முல்லையாறு அவர்களே, வருசநாட்டு மையத்துக்குப் பக்கத்தில் உள்ள டவரில், உயரவாக்கில் நீண்ட ஆண்டெனாக்களுக்குக் கீழே, பறை போல வட்டமாக மூடிய ஒன்று தெரிகிறதா என்று யாரையாவது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முல்லையாறு எழுதியது:

பணியாளர் படம் அனுப்பினார். இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது மலையின் பக்கம் திரும்பியிருக்கிறது.

பழைய நுண்ணலை எழுதியது:

பெரியது நுண்ணலைத் தடமாகத்தான் இருக்கும். மலைமேல் ஓர் இடைநிலையத்தைப் பார்த்து நிற்கிறது. சிறியது வேறொரு டவருக்குத் தடம் கொடுக்கிறதாக இருக்கலாம். நண்பர் கண்ணாடியிழை பரிந்துரைத்த துணை இணைப்பு அங்கே கம்பத்தை நம்பாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வட்டம்தான். அது உரிமம் பெற்ற உயர் அலைக்கற்றையில் இருக்கும் என்பதால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 18 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் மழை ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் சில நிமிடங்கள் வேகம் சுருங்கும், நிற்கவும் நிற்கலாம். உங்கள் 5.8இல் மழைக்கு அந்தப் பயம் இல்லை.

கண்ணாடியிழை எழுதியது:

வாதத்தில் ஒரு புள்ளி உங்களுக்கு, ஐயா. ஆனால் அந்த வட்டத்தை மலைமேல் ஏறிப் பார்த்துக்கொள்வதற்கு அந்த நிறுவனத்திடம் ஆளும் வாகனமும் இருக்கிறது. முல்லையாறு அவர்களிடம் இல்லை. நுண்ணலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு மருத்துவமனை சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமா என்றே கேட்கிறேன்.

முல்லையாறு எழுதியது:

ஆண்டிபட்டிக்கு இரட்டை பிராட்பேண்ட், வருசநாட்டுக்குப் பிராட்பேண்டோடு சிம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்விரண்டிலும் அறங்காவலருக்கும் மறுப்பில்லை. சின்னமனூரை நடந்து பார்த்த பிறகு சொல்கிறேன். போடிக்கு இப்போதைக்குச் சிம்மும், கேபிள் அலுவலகத்துக்கு எங்கள் செலவில் ஒரு புது மின்கலமும் என்று கேட்டிருக்கிறேன். கணக்குப் பிரிவு இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தது, ஆனால் கையெழுத்துப் போட்டது. ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது. அது பட்டா நிலம் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரைத் திங்கட்கிழமை பார்க்கிறேன். பட்டா என்று உறுதியானால், பெரியவர் ஒருமுறை வந்து மேலே ஏறிப் பார்க்க முடியுமா?